ஐந்தாவது ஆளில் பாதி

தொண்ணூற்றிரண்டு பெட்டி ஹாலிபட் மீன் ஏற்றினோம்.
இருபத்தொன்பது என்று எழுதியிருக்கிறேன்.
நூக் அலுவலகத்திலிருந்து தொலைபேசி:
மிச்ச மீன் கடலுக்கே திரும்பிவிட்டதா?

என்ன செய்ய, என் டேனிஷில்
இரண்டு முந்திக்கொண்டு வாசலுக்கு வந்துவிடும்.
தொண்ணூறு உள்ளே இன்னும்
கோட்டு மாட்டிக்கொண்டிருக்கும்.
காதில் விழுந்த வரிசையில் கை எழுதிவிடுகிறது.
ஓடென்ஸ பள்ளியில் இதற்காகவே
என்னைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார்கள்.

உம்மனாக்கில் அன்று மைனஸ் இருபத்திரண்டு.
நிவிக்கா கத்தியை ஐஸில் குத்திவிட்டு வந்தாள்.
"பிரெபென், உங்கள் தொண்ணூறு என்றால் என்ன?"
தொண்ணூறு என்றால் தொண்ணூறுதான்.
"அதில்லை. அந்தச் சொல்."

நண்டுக் காலை உடைப்பதுபோல் உடைத்தேன்.
உள்ளே 'பாதி ஐந்தாவது' என்றிருந்தது.
'தடவை இருபது' என்ற வால்
எந்தத் தலைமுறையிலோ உதிர்ந்துவிட்டது.
நாற்பத்தெட்டு வயதுவரை
நான் அதைத் திறந்து பார்த்ததே இல்லை.

அவளுக்குச் சிரிப்பு.
அவர்களின் பழைய கணக்கில்
ஐந்து ஒரு கை, பத்தில் உடம்பின் மேல்பாதி தீரும்,
பதினொன்றுக்குக் காலில் இறங்க வேண்டும்.
இருபதுக்கு
'ஒரு ஆள் முடிந்தார்.'

இப்போது யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை.
பன்னிரண்டுவரை அவள் மொழி,
பதின்மூன்றிலிருந்து என் மொழி.
எல்லைக்கோடு
கால் இரண்டாம் விரலுக்கு அப்பால் ஓடுகிறது.

பெட்டிகள்முன் ஆட்களை நிறுத்தினாள், காற்றில்:
"நாலு பேர் முழுசாக.
ஐந்தாமவனுக்குக் கையுறை கழற்றினால் போதும்,
அதுதான் உங்கள் பாதி.
மேலே இரண்டு இருக்கிறதே,
சரி, ஒரு பூட்ஸும் கழற்றட்டும்."

நாங்கள் இரண்டு பேரும்
ஆளை வைத்துத்தான் எண்ணியிருக்கிறோம்.
இல்லை, என் பாட்டன்மார் எதை வைத்து எண்ணினார்களோ.
செம்மறியாகவும் இருக்கலாம்.

போன மாதப் பயிற்சித் தேர்வில் அவள் தாளில்
'எண்ணறிவு: குறைவு' என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டவன் நான்.
நூற்றுக்கு முப்பத்தாறு.
அறுபத்து மூன்றாகவும் இருந்திருக்கலாம்.
தாள் நூக்குக்குப் போய்விட்டது.

இன்றும் சில நாள் திருப்பித்தான் எழுதுகிறேன்.
எழுதுமுன் மட்டும்
பனியில் ஒருத்தன் ஒற்றைக் காலில் நின்று
இரண்டு விரலை ஆட்டிக் காட்டுகிறான்.
சீக்கிரம் எழுது, குளிர்கிறது என்கிறான்.
எந்த மொழியில் சொன்னான் என்று
கவனிக்கவில்லை.