மூன்றும் ஐந்தும்

குணாளன் ஆறு குப்பிகளோடு வந்தான்.
இருமல் மருந்து அளவு. பெயரில்லை,
ஒட்டுத்தாளில் எண் மட்டும்.
கென்டக்கியில் எவனோ பரிசோதனை செய்கிறானாம்:
ஒரே சோளம், ஒரே ஆண்டு, ஒரே தண்ணீர்.
ஒரு பீப்பாய்க்கு மரத்தின் அடியில் அறுத்த பலகை,
ஒன்றுக்கு உச்சியில் அறுத்தது,
ஒன்றின் வயிற்றில் இருபது நொடி கூடுதலாகத் தீ,
ஒன்றைக் கூரையடியில் வேகவிட்டார்கள்.
எந்த எண் எது என்பது
ஒட்டிய உறைக்குள்.

"சுங்கத்துல என்ன சொன்ன?"
"அத்தைக்கு நாட்டு மருந்துன்னேன்லா."

ஜெலுத்தோங், பதினாலாவது மாடி.
சன்னலுக்கு வெளியே பாலம்
விளக்குகளைப் பிடித்துக்கொண்டே கடலைக் கடந்து
பட்டர்வொர்த்தில் கரையேறுகிறது.
யோங் ஹுய் குடிப்பதில்லை, அதனால் ஊற்றுவது அவள்.
அடுக்களையில் அளந்து தட்டில் கொண்டுவருவாள்.
குடிக்க நாங்கள் மூவர்:
குணாளன், ஜெயசுதா, நான்.

மதிப்பெண் தாளில் கட்டங்கள்:
வெனிலா, கேரமல், தோல், புகையிலை.
துவர்ப்புக்குக் கட்டமே இல்லை.
ஆறு சுவையில் ஒன்றை
எந்தக் கப்பலில் தவறவிட்டார்களோ.
ஓரத்தில் கோடு போட்டு நானே எழுதிக்கொண்டேன்.

முதலாவது, புது அலமாரிக்குள் தலையை விட்டது போல.
இரண்டாவது, அடிபிடித்த கூலா மலாக்கா.
"செருப்புக்கடை," என்றாள் ஜெயசுதா,
"விலை கூடின கடை."
மூன்றாவதில் ஒன்றுமில்லை.
பல் டாக்டர் வைக்கும் பஞ்சு.
அறுபத்திரண்டு போட்டேன், அதுவும் இரக்கத்தில்.

என் பிழைப்பே ஒப்பிடுவது.
பாயான் லெப்பாசில் பதினோரு வருடமாக
உருப்பெருக்கியின் கீழ் இரண்டு சில்லு,
வித்தியாசம் கண்டால் சம்பளம்.
கண் ஏமாந்தாலும் என் நாக்கு ஏமாறாது என்று
வந்த உடனேயே சொல்லிவைத்திருந்தேன்.

நாலாவது பாதியில் மழை.
ஐந்தாவதுக்கு முன் மின்சாரம் போயிற்று.
அடுக்களையில் ஏதோ விழுந்து உருண்டது.
"சூடு, சூடு," என்றது யோங் ஹுய் குரல்.
மலாயில் அது கரண்டி.

யாரும் எதுவும் கேட்கவில்லை.
இருட்டு இருந்ததால்தான் சொன்னாளோ என்னவோ:
"இன்னிக்கு மத்தியானம் கையெழுத்துப் போட்டுட்டேன்.
ஒன்பது வருசம். நாலே நாலு இடத்துல கையெழுத்து.
பேனாகூட வக்கீலோடது."
குணாளன் இரண்டு முறை தொண்டையைச் செருமினான்.
அவள் கையைப் பிடிக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை.
அதற்குள் தட்டு வந்தது,
கண்ணாடியைத் தடவி எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

ஐந்தாவது,
பாலிக் புலாவில் பாயில் காயும் சாதிக்காய்.
மழை நனைத்த பலகை.
விழுங்கிய பிறகு, யாரோ வந்து ஓரமாக உட்கார்வது போல
தொண்டையில் மெல்ல ஒரு துவர்ப்பு.
கைபேசி வெளிச்சத்தில் எண்பத்தொன்று எழுதினேன்.
குணாளன் எழுந்தே நின்றுவிட்டான்:
"இதாண்டி உச்சிமரம்! வெயில் தெரியுது பாரு.
மூணாவது அடிமரம், வெறும் சேறு."
ஜெயசுதா இன்னும் கொஞ்சம் கேட்டாள்.
"இல்ல," என்றாள் யோங் ஹுய், சட்டென்று.

விளக்கு வந்தது. ஆறாவதை எவரும் நினைவில் வைக்கவில்லை.
உறையைக் கிழித்தோம்.
மூன்று: உச்சி. ஐந்து: அடி.
"உறை பொய் சொல்லுது," என்றான் குணாளன்.

ஒரு மணிக்கு நான் கழுவ நின்றேன்.
குப்பைக்கூடையில், ஆரஞ்சுத் தோலுக்கு அடியில்
உடைந்த கண்ணாடி,
ஈர ஒட்டுத்தாளில் ஐந்து.
மேடையில் மற்றவற்றில் இரண்டு விரல் மீதம்,
மூன்றின் குப்பி மட்டும் துடைத்த மாதிரி காலி.
அப்படியென்றால் குணாளன் சொன்னது சரி,
அவன் குடித்தது உச்சிமரம்தான், இரண்டு முறையும்.
அதை அவனிடம் சொல்ல வழியில்லை.
தோலை இழுத்து மூடினேன்.

யோங் ஹுய் வாசற்படியில் நின்று
ஈரத்துண்டை மடித்தாள், பிரித்தாள், மடித்தாள்.
நான் குழாயைத் திறந்தேன், பிறகு மூடினேன்.
என் இரண்டு கண்ணாடிகளின் அடியிலும்
ஆளுக்கொரு சொட்டு.

மூன்றை நக்கினேன்: பஞ்சு.
ஐந்தை நக்கினேன்: சாதிக்காய்.