சி–4

இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில்
முடிவுரை ஒரே வரி:
இப்போதுள்ள அமைப்பே தொடரலாம்.

ஆகஸ்ட் தொடங்கி ஏப்ரல் வரை
ஈரி நகரத்து நூலகம் ஒன்றை
நான் இடித்துக்கொண்டிருந்தேன்.
யாருக்கும் தெரியாது.
ஏரிக்காற்றில் அது பாட்டுக்கு நின்றது,
காலை ஒன்பதுக்குத் திறந்தது,
தாமதமாய் வந்த புத்தகங்களுக்கு அபராதம் வாங்கியது.
நான்கு மணி நேரத் தொலைவில்
விடுதி அறைக் கணினியில்
அதன் எஃகு உத்தரங்களை ஒவ்வொன்றாக உருவி
கான்கிரீட் ஊற்றினேன்.

எங்கள் கணக்கில்
வாசிப்பவர்கள் சதுர அடிக்கு அறுபது பவுண்டு.
அடுக்கிய புத்தகங்கள் நூற்றைம்பது.
"படிக்கிறவங்களைவிடப் படிக்காம கிடக்கிறது கனம்"
என்றாள் அறைத்தோழி டேனிகா.
இரவு மூன்று மணிக்கு
எதற்கும் சிரிப்பு வரும்.

பனிக்கும் எண் உண்டு.
அந்தக் கூரைமேல் விழப்போகும் பனியை
இரண்டு தசமம் வரை எழுதி முடித்தபோது
வெளியே என் கார் காணாமல் போயிருந்தது.
ஆளுயர வெள்ளை மேடுகளில்
எது என்னுடையது என்று
சாவியை அழுத்தி அழுத்திக் கேட்டேன்.

கான்கிரீட்டுக்கு அவ்வளவு தூரம் தாண்ட மனமில்லை.
நடுவில் ஒரு தூண் கேட்டது.
சி கோடும் நான்காம் கோடும் சந்திக்கும் இடம்.
வைத்தேன்.
அங்கே ஏதோ சின்ன எழுத்தில் இருந்தது.
பெரிதாக்கிப் பார்த்தேன்: சிறுவர் பகுதி.
பழையபடி சிறிதாக்கிவிட்டேன்.

நவம்பரில் கட்டடம் கனத்தது.
அடியில் களிமண்,
இன்னும் முப்பத்திரண்டு முளைகள்.
ஜனவரியில் செலவு ஏறியது.
பிப்ரவரி முழுக்க அந்தத் தூண்.
கிழக்கே ஆறடி நகர்த்தினால் வாசலை மறித்தது.
மேற்கே போனால் கழிப்பறைக்குள் நின்றது.
மறுபடி சி–4.
மறுபடி அதே சின்ன எழுத்து.

தேர்வுக் குழுவில் மூன்று பேர்.
லிண்ட்குவிஸ்ட் என்பவர் ஒரே கேள்விதான் கேட்டார்:
"மிஸ் ஹலுஷ்கா, உங்கள் பணமாக இருந்தால்
இதைக் கட்டுவீர்களா?"
"மாட்டேன்."
சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.
பிறகு கழிப்பறையில் பத்து நிமிடம்.
அழவில்லை.
கை உலர்த்தும் இயந்திரம்
எத்தனை டெசிபல் இருக்கும் என்று
மதிப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மே மாதம், ஒரு சனிக்கிழமை
முதன்முறையாக உள்ளே போனேன்.
ஆமாம், முதன்முறையாக.
ஒவ்வொரு ஆணியையும் அறிவேன்,
கதவு இழுப்பதா தள்ளுவதா என்று தெரியவில்லை.

வடக்குச் சுவரிலிருந்து காலடியால் அளந்தேன்.
இருபத்தெட்டு அடி. இன்னொரு இருபத்தெட்டு.
திரும்பி, பதினாறு.
நின்றேன்.
நீலக் கம்பளம்,
காய்ந்த ஜாம் கறை,
மேலே தூணில்லாமல் கடந்துபோகும் உத்தரம்,
யாரோ ஒருவர்
எனக்கு முன்பே சரியாகப் போட்ட கணக்கு.

காலடியில் குப்புறக் கிடந்து
ஆக்டோபஸ் படித்துக்கொண்டிருந்த பையன்
தலை தூக்காமலே சொன்னான்:
"கொஞ்சம் தள்ளி நில்லுங்க,
வெளிச்சம் மறைக்குது."

தள்ளி நின்றேன்.
அரை நொடி ஆயிற்று.