நாலு விரல்

சங்குப்பிட்டிப் பாலம் ஏற
எண்பதிலேயே தொடங்கிவிடும்.
யாரோ ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்து
வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டுவது போல.
வேகமுள் இரண்டாகத் தெரியும்.
பூநகரியில் இறங்கி
தாடை இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன்.

கண்ணாடி பூட்டின பிறகுதான் இது.
கொழும்பிலிருந்து பார்சலில் எடுப்பித்து
கொக்குவில் கராச்சில் கொடுத்தேன்.
தர்மசீலன் நாலு நட்டை இறுக்கிவிட்டு
"இனி உங்களுக்குக் காத்தே தெரியாது அக்கா" என்றான்.
உண்மைதான்.
நெஞ்சுக்கு வரவில்லை.
வராத காற்றெல்லாம்
விளிம்பேறிச் சுருண்டு
நெற்றிக்கு வந்து கணக்குத் தீர்த்தது.

ஹெல்மெட்டை மாற்று என்றார்கள்.
காதில் பஞ்சு வை என்றார்கள்.
இன்னும் பெரிய கண்ணாடி போடுவமோ
என்றான் தர்மசீலன், விலையும் சொன்னான்.

மாதத்தில் இரண்டு சனி மன்னார் ஓட்டம்.
எமிலியனுக்கு அங்கே பாடகர் குழு.
கண் மட்டு, லைசென்ஸ் இல்லை,
பின்சீட்தான்.
வழியெல்லாம் ஏதோ சொல்லிக்கொண்டே வருவார்.
எனக்குக் கேட்பது
ஓ, ஓ, ஓ.
நானும் ஓ என்பேன்.

ஒருநாள் தனியே போகையில்,
நேர் றோட்டு, முன்னும் பின்னும் எவருமில்லை,
புட்றெஸ்டில் எழும்பி நின்றேன்.
ஒரு சாண் உயரத்தில் அமைதி.
சத்தம் இருந்தது,
ஆனால் ஒரே சத்தம்.
உடையாத முழுக் காற்று.
இருந்தேன்: அடி.
எழும்பினேன்: தடவல்.
இருந்தெழும்பி இருந்தெழும்பிப் போன என்னை
தரவைத் தண்ணீரில் நின்ற கூழைக்கடா
அலகைத் திருப்பிப் பார்த்தது.

இரவு, தையல் பெட்டியில் சிவப்பு நூல் எடுத்து
விரல் நீளத் துண்டுகளாக வெட்டி
கண்ணாடி முழுக்க ரேப்பால் ஒட்டினேன்.
விடிய ஆறரைக்குப் பண்ணைப் பாலம்,
சோளகம் நேர் எதிரே.
நடு நூல்கள் படிந்து கிடந்தன.
மேல் விளிம்பில் இருந்தவை
உருவேறி ஆடின.
தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்
"என்ன பிள்ளை, நேத்திக்கடனோ?" என்று கத்தினார்.

கீழ் நட்டுகளுக்கு இரண்டிரண்டு வாசர் கொடுத்தேன்.
அடியில் ஒரு விரல் இடைவெளி.
கொஞ்சக் காற்றை நானே உள்ளே விட்டேன்,
முதுகுப்பக்கம் வெறுமையாய் இருந்தால்தானே
மேலால் வருவது சுருண்டு விழுகிறது.
அடுத்த சனி
பாலத்தில் என் தலை அசையவில்லை.
மன்னார் மட்டும் விசிலடித்தேன்.

மூன்று ஓட்டம்.
எமிலியன் கதைப்பதை நிறுத்தியிருந்தார்.
இறங்கினதும் பிடரியைப் பிசைவார்.
கேட்டால்,
"ஒண்டுமில்லை, தலகணி சரியில்லை."

என்னைவிட நாலு விரல் உயரம் அவர்.

கொக்குவிலுக்குப் போய்
தர்மசீலனை ஓடச் சொன்னேன்.
பின்சீட்டில் இரண்டு குஷன் அடுக்கி
அவருடைய உயரத்துக்கு ஏறி இருந்தேன்.
வெட்கமாய்த்தான் இருந்தது.
பண்ணையில் எண்பது தொட்டான்.

ஐயோ.

என் தலையைத் தாண்டிப் போனது
எங்கேயும் போகவில்லை.
இங்கேதான் நின்றிருக்கிறது,
இவர் நெற்றியில்,
மூன்று சனி, போகவர.

"நிப்பாட்டு" என்றேன். அவனுக்குக் கேட்கவில்லை.
முதுகில் குத்தினேன்.

கராச் வாங்கில் கண்ணாடியைக் கிடத்தி
நானே கோடு கீறினேன்.
அரியும்போது பால்மா போல வெள்ளைத் தூள்.
தர்மசீலன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்,
பதினோராயிரம் ரூபாய்ச் சாமான்.
நாலு விரல் அகலத் துண்டு
தரையில் விழுந்து ஒருதரம் துள்ளியது.
வெட்டு வாய்க்கு அரத்தாள் தேய்த்தேன்.

இப்போது காற்று நெஞ்சில் வந்து நிற்கிறது.
சட்டைக் கொலர் படபடக்கிறது,
வெள்ளாங்குளம் தாண்ட ஒரு வண்டு
கழுத்தில் சுளீரென்று.
மழை வந்தால் நனைவோம்,
அதை மாரியில் பார்ப்போம்.

நேற்று, பாலத்தின் நடுவில்,
எண்பத்திரண்டில்,
பின்னாலிருந்து
முழுசாய், எழுத்துப் பிசகாமல் கேட்டது:

"பெற்றோல் அடிச்சனியோ?"

அடிக்கவில்லை.
ஓ என்றேன்.