மேல் தட்டு, இடது பக்கம்

தானா தெரு முனையில்
பதினொரு வருடமாக நிற்கிறேன்.
மருந்துக்கடை வேலை என்றால்
பாதி வேலை நிற்பதுதான்.

வயிற்றுச் சமாசாரமெல்லாம்
மேல் தட்டு, இடது பக்கம்.
எக்கி எக்கி எடுத்ததில்
வலது தோள் ஒரு விரற்கடை உயர்ந்துவிட்டது,
பிளவுஸ் தைப்பவள் சொல்கிறாள்.

கஜபதிக்கு ரோஸ் நிறத் திரவம்.
ராத்திரி சவாரி, பன்னிரண்டு மணிக்குக் கொத்து பரோட்டா,
காலையில் நெஞ்சைத் தடவிக்கொண்டு
ஆட்டோவை அணைக்காமலே குரல் கொடுப்பார்.
"பாட்டில் சின்னதா, பெருசா?"
"எரிச்சல் பெருசும்மா."

முதுகுப்பை மாட்டிய பையன்
ப்ரோபயாட்டிக் டப்பாக்களைத் திருப்பித் திருப்பி
எதில் எத்தனை கோடி என்று கேட்டான்.
இதில் ஐந்நூறு, அதில் இரண்டாயிரம்.
ஒரு கேப்ஸ்யூலுக்குள் அத்தனை உயிர்.
எல்லாரும் ஒரே வண்டியில் வந்து
எக்மோரில் இறங்கினால்
படிக்கட்டு என்ன ஆகும் என்று யோசித்தேன்.
அவன் இரண்டாயிரத்தை வாங்கிப் போனான்.
யாராக இருந்தாலும் அதைத்தான் வாங்குவார்கள்.

ரிட்டயரான டீச்சர் ஒருவர்
மெல்போர்னிலிருந்து மகள் அனுப்பிய பட்டியலைக்
கைப்பேசியில் பெரிதாக்கிக் காட்டினார்.
என்சைம், மெக்னீசியம், இன்னும் ஏதோ நார்.
"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"
பிறகு கொஞ்சம் தயங்கி,
"சாப்பாடுன்னு தனியா ஒண்ணும் செய்யறதில்ல. ஒருத்திதானே."
அதற்கு எந்தத் தட்டிலும் எதுவும் இல்லை.
அட்டையில் 'முன்' என்று எழுதிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை மூன்றேகாலுக்கு
சிக்னலில் நிற்கும் போலீஸ்காரம்மா வந்தார்.
சட்டையில் தமயந்தி என்று பெயர்.
தொப்பியைக் கழற்றினால்
நெற்றியில் சிவப்பாய் ஒரு வட்டம்.
இசப்கோல் கேட்டார். மெதுவாகக் கேட்டார்.
நாலு நாளாம்.
"தண்ணி நிறைய குடிக்கணும் மேடம் இதுக்கு.
இல்லன்னா அதுவே உள்ள அடைச்சுக்கும்."
"குடிச்சா
எங்க போறது?"

அப்போது கரண்ட் போனது.
ஃபிரிட்ஜ் அடங்கியது, மின்விசிறி அடங்கியது.
அந்த அமைதியில்
என் வயிறு
ஆளில்லாத வீட்டுக் குழாய் போல
நீளமாய், வெட்கமில்லாமல் கத்தியது.
டிபன் பாக்ஸ் கல்லாவுக்குக் கீழே
காலையில் கட்டிய முடிச்சோடு கிடந்தது.
அவர் சிரித்தார். நானும்.
"ஊருக்கெல்லாம் குடுக்கறீங்களே,
உங்களுக்கு எது ஒத்துக்குது?"

எனக்குத் தெரியவில்லை.
சாம்பிள் வந்த எல்லாவற்றையும் விழுங்கியிருக்கிறேன்.
உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்ததில்லை.

கடைக்குப் பின்னால் பாத்ரூம் உண்டு.
சாவி ஆணியில்.
வெளியாட்களுக்குக் கிடையாது என்று
உத்தம்சந்த் சேட் மூன்று மொழியில் ஒட்டியிருக்கிறார்.
எடுத்துக் கொடுத்தேன்.
ஓ.ஆர்.எஸ். அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து
புளித்துப்போகத் தொடங்கிய தயிர்சாதத்தை,
பில் போடாமல், போன் எடுக்காமல்,
ஊறுகாய் ஊறுகாயாக ருசிக்கும்வரை மென்றேன்.

இப்போது தினம் இரண்டு மணிக்கு வருகிறார்.
முதலில் ஒரு பாட்டில் தண்ணீர், பிறகு சாவி.
அந்தப் பத்து நிமிடம் ஷட்டர் பாதி.
சேட் கணக்குப் பார்த்துவிட்டு
மத்தியான வியாபாரம் மந்தம் என்கிறார்.

எனக்கு உப்புசம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.
செவ்வாய்க்கிழமை கொஞ்சம் பரவாயில்லை.
நேற்று மறுபடி கடமுடா.
கஜபதி ஹார்ன் அடிக்கிறார்.
ஷட்டருக்குக் கீழே அவர் செருப்பு மட்டும் தெரிகிறது.
அடிக்கட்டும்.
இன்னும் நாலு கவளம் இருக்கிறது.