தையலுக்கு விடுகிற இடம்

நாலு நாளும் அவர் குனிந்து பார்க்கவில்லை.
நான் பையை மாற்றுகையில்
மேலே சுற்றும் காற்றாடியையே பார்த்துக் கிடந்தார்.
அதில் ஒரு இறகு கோணல் என்று
ஒருமுறை சொன்னார்.

இன்னாசித்தம்பி, அறுபத்தொன்று,
குருநகர், தையல்காரர்.
பதினாலாம் கட்டில்.
பெருங்குடலில் ஒரு சாண் இப்போது அவரிடம் இல்லை.

தலையணையை வயிற்றோடு அணைத்து
இருமப் பழக்கினேன்.
"இருமினா பிரிஞ்சு போகும், பிள்ளை."
"பிரியாது. இருமாட்டித்தான் சளி கட்டும்."
அடுத்த நாள் கதிரையில் அரை மணித்தியாலம்.
பேந்து சேலைன் கம்பியைப் பிடித்தபடி
வாட்டுக் கதவு மட்டும் பன்னிரண்டு எட்டு.
பதினொன்று என்றார் அவர்.
எண்ணினது அவர்தானே, அப்படியே எழுதினேன்.

விடிந்தால் ஒரே கேள்வி:
காத்துப் போனதோ?
வெளியில் ஆரும் ஆரிடமும் கேளாத ஒன்றை
கட்டில் கட்டிலாய்க் கேட்டுக்கொண்டு போவேன்.
அவர் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார்.

நாலாம் இரவு, கரண்ட் போய் வந்த நேரம்
பை பூரி மாதிரி உப்பி நின்றது.
"மன்னிக்கோணும்" என்று போர்வையை இழுத்தார்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
குறிப்பில் நேரம் போட்டேன்: இரண்டு பத்து.
என் வீட்டில் ஒரு பிள்ளை பிறந்தாலும்
இத்தனை கவனமாய் நேரம் பார்த்திருப்பேனோ தெரியாது.

ஐந்தாம் நாள்
அளவட்டை வைத்து வட்டம் கீறி
பைத் தகட்டை வெட்டிக்கொண்டிருந்தேன்.
பக்கத்துக் கட்டிலில் ட்ரிப் முடிகிறது, அவசரம்.
"கத்தரியைத் திருப்பக்கூடாது பிள்ளை,
துணியைத்தான் திருப்போணும்."

கொடுத்தேன்.
ஊசி ஏறி வீங்கின கை நடுங்கியது.
வெட்டு நடுங்கவில்லை.
"சுத்தி எவ்வளவு விடுறது?"
"ரெண்டு மில்லிமீற்றர். கூட விட்டா
மலம் பட்டுத் தோல் வெந்துபோகும்."
"ம். தையலுக்கு விடுற மாதிரி."

பொருத்திப் பார்க்கத்தான் குனிந்தார்.
கீழுதட்டை மடித்துப் பார்த்தால் தெரிகிற சிவப்பு,
அதே ஈரம்.
கனநேரம் ஒன்றும் பேசவில்லை.
பேந்து பக்கத்துக் காயத்தில்
தையல்களை எண்ணத் தொடங்கினார்.
"ஆர் தைச்சது?"
"பெரிய டொக்டர்."
"மேல சோக்கான கை. கீழ ரெண்டு இழுத்துப்போட்டார்,
அவசரம் போல."

திரைக்கு வெளியே மனிசி,
பிளாஸ்கோடு.
"றெஜினா, வந்து பார்."
"பிறகு பாக்கிறன்" என்றா,
மூடியைத் திறந்து, மூடி, திறந்து.

அவவுக்கு இது எத்தனையாம் நாளோ.
திரையை அரைவாசி விலக்கிவிட்டு
ட்ரிப்பை மாற்றப் போனேன்.