நெய்தல் திரிந்தால்

முல்லை திரிந்தால் பாலையாகும், குறிஞ்சியும் அப்படியே
என்று நம் ஆட்கள் எழுதிவைத்தார்கள்.
நெய்தல் திரிந்தால் என்ன ஆகுமென்று
யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.
கடல் வற்றுமென்று யார் நினைப்பார்?

மொய்னாக்கில் வற்றியது.
ஆறுகளைப் பருத்திக்குத் திருப்பிவிட்டார்கள்.
ஆரல் கடல்
கடன் கொடுத்தவனைக் கண்டவன்போல்
நாளுக்கு நாள் பின்வாங்கியது.

ஸீவார் அப்போது மீன் ஆலையில்
டப்பா மூடிகளில் தேதி குத்துகிறவள்.
கடல் போன பிறகும் ஆலை ஓடியது;
பால்டிக் மீன் பனிக்கட்டியாய் ரயிலேறி வந்தது.
பிறகு அதுவும் வரவில்லை.
கடைசி மாதச் சம்பளத்துக்குப் பதில்
ஆளுக்கு நாற்பது டப்பா கொடுத்தார்கள்.
முப்பத்தொன்பதை விற்றாள்.
ஒன்றை ஏன் வைத்துக்கொண்டாய் என்றால்
"திறப்பான் தொலைந்துவிட்டது" என்பாள்.

கணவன் ஒரின்பாய்
தன் படகைத் தானே கேஸ் கட்டரால் அறுத்து
எடைக்குப் போட்டான்.
கண்ணில் பொறி விழுந்துவிட்டதென்று சொல்லி
அன்றிரவு விடியும்வரை துடைத்துக்கொண்டிருந்தான்.

பதினோரு வருடம் கழித்து ஒரு நவம்பரில்
லாரியில் வந்த ஒருவன்
சின்னப் பாட்டில் ஒன்றைக் காட்டினான்.
உள்ளே செங்கல் தூள் மாதிரி எதுவோ.
"கரையோரம் இந்த நிறத்தில் நுரை ஒதுங்குகிறதா?"

உப்பு இறாலின் முட்டை.
மீனெல்லாம் செத்த உப்பில் இது பெருகியிருக்கிறது.
காய்ந்தால் சாகாது, உறைந்தால் சாகாது,
பல வருடம் கழித்துத் தண்ணீர் பட்டாலும் பொரிக்கும்
என்று வாய்பிளந்து சொன்னான்.

"முட்டைக்கென்ன" என்றாள் ஸீவார்,
"தவணை கட்ட வேண்டுமா, பிள்ளைக்குக் காலணி வாங்க வேண்டுமா?
நானும்தான் காத்திருப்பேன்.
கிலோவுக்கு என்ன தருவாய்?"

முதல் வருடம் ஒன்றுமில்லை.
காற்று மாறி நுரையை எதிர்க்கரைக்குத் தள்ளிவிட்டது.
ஒரு கூடாரம், ஒன்பது பேர், இரண்டு மூட்டை.
முன்பு கடலாயிருந்த தரையில்
நாள் முழுக்க லாரி குலுங்க
யாரும் யாரோடும் பேசாமல் ஊர் திரும்பினார்கள்.

மறு வருடம் மூட்டை நிறைந்தது, காசு நிறையவில்லை.
மணலும் இறகும் கலந்திருக்கிறதாம்,
பாதி விலைதானாம்.
அந்த மீதிப் பாதி அவளைத் தூங்கவிடவில்லை.

அலசுவதும் வடிப்பதும் ஆலையில் பழகிய கை.
பழைய நைலான் காலுறைகளை
மரச்சட்டத்தில் இழுத்து ஆணியடித்தாள்.
இறகு சல்லடையில் நின்றது.
மணல் உப்புநீரின் அடிக்குப் போயிற்று.
முட்டை மிதந்தது.
மார்கழிக் குளிரில்
பக்கத்துக் கூடாரத்துப் பெண்கள் மூட்டைகளோடு வந்து நின்றார்கள்:
"எங்களுக்கும் அலசித் தருவாயா, என்ன கூலி?"

இதை வெற்றி என்று எழுத எனக்குக் கை வரவில்லை.
கடல் திரும்பவில்லை.
அவள் விரல்களில் இரண்டு நகம் கழன்று போயின.
மகன் இன்னும் அக்தாவில் சிமெண்ட் கலக்குகிறான்;
போன வாரம் பேசும்போது மட்டும்
"அங்கே ஒரு நாளைக்கு எவ்வளவு நிற்கும்?" என்று கேட்டான்.

எங்கோ தூர நாட்டில்
மீன்குஞ்சுகளுக்கு இதுதான் முதல் இரை என்று
லாரிக்காரன் சொன்னபோது
ஒரின்பாய் வெகுநேரம் சிரித்தான்.
"இன்னமும் மீன் வளர்க்கிறது பார், கிழட்டுக் கடல்."

பிறகு உள்ளே போய்
எதையோ உருட்டிக்கொண்டிருந்தான்.
ஆலையின் தேதி அச்சு. துருவைத் தேய்த்து
அவள் கையில் வைத்தான்.

நாள் சுழல்கிறது. மாதம் சுழல்கிறது.
ஆண்டுச் சக்கரம் தொண்ணூற்றுமூன்றைத் தாண்டாது.
ஒவ்வொரு மூட்டைச் சீட்டிலும் குத்திவிட்டு
ஆண்டை அடித்து
பென்சிலால் மேலே எழுதுகிறாள் ஸீவார்.