உப்பு ஒரு கல் கூட

புக்கிட் பாத்தோக். பதினோராம் மாடி.
மின்தூக்கி பத்தோடு நின்றுவிடும்.
மிச்சத்தை ஏறினேன், கையில் ஆரஞ்சுப் பை.

கதவு திறக்கும்போதே தவமணி சொல்லிவிட்டார்:
"நீங்க பெரிய ஹோட்டல்ல சமைக்கிறவரு.
இங்க ஒன்னும் பெருசா இல்ல."

இருந்தது ரசம், கங்கோங் பொரியல்,
வெங்காயம் லேசாய்க் கருகிய நெத்திலி.
கடைசி நேரத்தில் துரையப்பன்
நாலு முட்டை பொரித்தார்.
ஒன்றில் மஞ்சள் உடைந்துவிட்டது.
அதைச் சத்தமில்லாமல்
தன் தட்டுக்கு ஒதுக்கிக்கொண்டார்.
பார்த்துவிட்டேன்.

பல வருஷமாக யாரும் என்னைச்
சாப்பிடக் கூப்பிட்டதில்லை. பயம்.
முந்நூறு பேர் விருந்துக்குச் சமைப்பவன் நாக்கு
குறை கண்டுபிடிக்குமாம்.
நின்றபடியே கரண்டி நுனியில் ருசி பார்த்து
பசி என்பதையே மறந்த நாக்கு அது.
இரவு பதினொன்றுக்கு அதற்குக் கிடைப்பது
மூடப்போகும் கடையின்
ஆறிப்போன மீ கோரெங்.

ரசத்தில் உப்பு ஒரு கல் கூட.
நான் எதுவும் சொல்லவில்லை.
இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன்,
சரியாகிவிட்டது.
பிறகு சோறு கூடிப்போனது.
ரசம் கேட்டேன்.

மூன்றாம் முறை குழிக்கரண்டி வந்தபோது
"போதுமா?" என்றார் தவமணி.
பாதி தின்ற தட்டுகள் திரும்பி வரும் இடத்தில்
நிற்கிறவன் நான்.
என்னிடம் யாரும்
அதைக் கேட்டதில்லை.

"இல்ல," என்றேன்.
துரையப்பன் தன் கிண்ணத்து ரசத்தையும்
என் சோற்றில் சாய்த்தார்.

உடைந்த முட்டையை மட்டும்
எவ்வளவு கேட்டும்
தரவே இல்லை.